குளோஸ்அப்பில் அம்மா

பாட்டின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, திரையில் அந்த முகத்தை நிறுத்தினேன். விளக்கணைத்த வகுப்பறையில் அது சுவரளவுக்குப் பெரிதாக நின்றது. ஏர்கோன் உறுமிக்கொண்டிருந்தது. பின் வரிசையில் யாரோ நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்திருக்க வேண்டும். சம்பல் வாசம் முன்னால் வரை வந்தது.

"மிஸ், இந்த மக்சிக் ஏன் லேட்டா பாக்குறாங்க?"

கேட்டவள் நூருல். அவள் மலாயில் கேட்டதை இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன். மக்சிக் என்பது வயதில் மூத்த பெண்களை மலாய்க்காரர்கள் மரியாதையாக அழைக்கும் சொல். திரையில் இருப்பது என் அம்மா என்று நூருலுக்குத் தெரியாது. வகுப்பில் யாரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை.

இந்தத் தொடரைப் புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிரம்பானில் ஒரு தனியார் கல்லூரியில் ஊடகத்துறை மாணவர்களுக்கு நான் படம் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறேன். பாடல் காணொளி, ஆல்பம் விளம்பரம், பதாகை என்று கண்ணில் படுவதையெல்லாம் பிரித்துப் போட்டு, இது ஏன் நம்மை அழவைக்கிறது, இது ஏன் நம்மை வாங்கவைக்கிறது என்று பேசுவது என் வேலை. போன வாரம் அந்த வேலையில் சேர்ந்த கதையைச் சொன்னேன். இந்த வாரம் அந்த வேலை என்னைப் பயமுறுத்திய கதை.

அந்தக் காணொளியில், வெளிநாடு போன மகன் தோட்டத்துக்குத் திரும்பி வருகிறான். பொழுது சாயும் நேரம். வீட்டு வாசலில் ஒரு தாய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருக்கிறார். அவருடைய இடப்பக்கத்திலிருந்து மோட்டர் சைக்கிள் ஒன்று வருகிறது. மோட்டரைக் காட்டுவதில்லை. தாயின் முகம் மட்டும்தான் குளோஸ்அப்பில். வண்டியின் விளக்கு வெளிச்சம் முதலில் அவர் இடது கன்னத்தில் விழுந்து, மெல்ல நகர்ந்து, மூக்கைத் தாண்டுகிறது. அப்போதுதான் கண்கள் அசைந்து, விரிந்து, நிறைகின்றன.

அந்த ஒரு கணத் தாமதத்தைப் பற்றித்தான் காணொளியின் கீழே எல்லாரும் எழுதியிருந்தார்கள். நடிப்பு என்றால் இதுதான் என்று எழுதியிருந்தார்கள். நானும் அதைத்தான் வகுப்பில் சொன்னேன். "மகன் வந்துட்டான்னு நம்புறதுக்கு அந்த அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் வேணும். அந்த நேரத்த வெட்டாம விட்டதுதான் டைரக்டரோட கெட்டிக்காரத்தனம்."

நூருல் தலையை ஆட்டினாள். ஒத்துக்கொள்ளாத ஆட்டல்.

"மனசு லேட்டாகுற மாதிரி இல்ல மிஸ். கண்ணே லேட்டாகுது. வெளிச்சம் கன்னத்துல விழுந்துருச்சே, யாரா இருந்தாலும் கண்ணச் சிமிட்டுவாங்கல்ல? இவங்க சிமிட்டவே இல்ல."

மறுபடி ஓட்டினேன். இன்னும் மெதுவாக ஓட்டினேன். வெளிச்சம் கன்னத்தில் ஏறுகிறது. கண் இமை அசையவில்லை. கருவிழி அசையவில்லை. வெளிச்சம் மூக்கை எட்டிய பிறகு, யாரோ திடீரென்று எதிரே தோன்றியது போல அம்மா திடுக்கிடுகிறார்.

நூருலுக்குத் தமிழ் தெரியாது. முதலில் சத்தத்தோடு ஓட்டியபோதும் பாட்டின் வரிகள் அவளை ஒன்றும் செய்யவில்லை. வரிகள் புரிந்த நாங்களெல்லாம் அந்த இடம் வந்ததும் அழுதுகொண்டிருந்தோம். அவள் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாணவர்களுக்கு ஏதோ ஒரு பயிற்சியைக் கொடுத்துவிட்டு வெளியே வராந்தாவுக்கு வந்தேன். கையிரண்டும் சில்லிட்டிருந்தன. ஏர்கோனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தினேஷ் தேடிய முகம்

அந்தக் காணொளியை எடுத்த தினேஷ் என் பழைய மாணவன். படிக்கும்போதே கேமராவும் கையுமாக அலைவான். இப்போது உள்ளூர்ப் பாடகர்களுக்குக் காணொளி எடுப்பதும் ஆல்பம் விளம்பரம் வடிவமைப்பதும்தான் அவனுடைய தொழில்.

நம் பிள்ளைகள் எடுக்கும் பாடல்களில் தோட்டம் என்றால் பெரும்பாலும் ஆகாயத்திலிருந்துதான் தொடங்கும். டிரோன் செம்பனை மரங்களுக்கு மேலே பறக்கும். அப்புறம் செம்மண் சாலை, கோயில் மணி, மெதுவாக ஓடிவரும் ஒரு பெண். தினேஷுக்கு அதில் அலுப்பு வந்திருந்தது. ஒருநாள் என்னைத் தேடி வந்து, "மிஸ், எனக்கு ஒரு அம்மா வேணும். மேக்கப் போட்ட அம்மா வேணாம். வெயில்பட்ட மூஞ்சி வேணும்" என்றான். எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றில் அம்மாவைப் பார்த்திருக்கிறான். அந்த முகம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

அம்மா இருப்பது சுவா பக்கம். தோட்டத்தில் பால் வெட்டியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு உதிரிப் பழம் பொறுக்கியவர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்தபோது தோட்டத்து ஓரத்தில் கொடுத்த சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். அம்பாங்கானில், தாமான் என்கிற குடியிருப்பில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். "தாமான்ல என்னா இருக்கு? கதவ மூடிக்கிட்டு ஒக்காந்திருக்கணும்" என்பார். அவருக்கு ஒரு பழைய மோட்டர் இருந்தது. அதில்தான் சாமான் வாங்கப் பாசாருக்குப் போவார், கோயிலுக்குப் போவார். பக்கத்து வீட்டுச் செல்வி தொழிற்சாலை வேலைக்குப் போவதால், அவள் மகள் யாழினியைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதும் அழைத்து வருவதும் அம்மாதான்.

தினேஷ் பருத்திச் சேலையோடு வந்து நின்றான். அம்மா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"வீட்டுல எவய்யா சேல கட்டிக்கிட்டு நெத்திலி கிள்ளுவா?"

கைலியும் பழைய சட்டையுமாகத்தான் உட்கார்ந்தார். தினேஷ் அதை ஏற்றுக்கொண்டான். பாட்டு வெளியானபோது அந்தக் கைலியைப் பற்றிக்கூடப் பாராட்டி எழுதினார்கள்.

கேசட் அட்டைகள்

நான் ஏன் அப்படிப் பயந்தேன் என்று புரிய, அம்மாவின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் சின்னவளாக இருந்தபோது சிரம்பான் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கேசட் கடை இருந்தது. டவுனுக்கு வந்தால் அம்மா அங்கே நிற்காமல் போகமாட்டார். வாங்குவது எப்போதாவதுதான். அட்டைகளைப் பார்ப்பதில்தான் அவருக்கு ருசி. அந்தக் கால அட்டைகளில் முக்கியப் பாடகரின் முகம் நடுவில் பெரிதாக இருக்கும். மற்றவர்கள் சுற்றிலும் சின்னச் சின்ன வட்டங்களில் இருப்பார்கள். இன்னும் பேர் எடுக்காதவர்களுக்கு முகம் கிடையாது, பெயர் மட்டும். பின்னணியில் எங்கள் யாருக்கும் தெரியாத ஒரு பனிமலை.

"இவன் கழுத்த எங்க தொலைச்சான்?" என்பார் அம்மா. ஒட்டுப்போட்ட படத்தில் தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும்.

ஒருமுறை இரண்டு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வேறு வேறு ஆல்பம், வேறு வேறு பெண்கள் என்றுதான் நான் நினைத்தேன். "மூக்குத்தியப் பாரு. இதுல இந்தப் பக்கம் இருக்கு, அதுல அந்தப் பக்கம் இருக்கு. ஒரே பொண்ணுதான். படத்தத் திருப்பிப் போட்டு ஏமாத்துறான்." கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் அதுவரை கவனித்ததில்லை.

படத்தை வடிவமைப்பவர்கள் செய்யும் தந்திரங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த மூக்குத்திக் கதையை வகுப்பில் சொல்வேன். அப்படிப்பட்ட கண். முகத்தில் விழும் வெளிச்சத்தை அது பார்க்காமல் இருக்க வழியில்லை.

வெட்டாத காட்சிகள்

வராந்தாவில் நின்றபடியே தினேஷைக் கூப்பிட்டேன். அந்தக் காட்சியை எத்தனை முறை எடுத்தாய், எல்லாவற்றையும் வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். இருக்கிறது மிஸ், எதற்கு என்றான். வகுப்புக்கு என்று சொன்னேன். உண்மையைச் சொன்னால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது.

அவன் அனுப்பியபோது ஆசிரியர் அறையில் யாரும் இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெட்டாத காட்சிகளில் பாட்டு இருக்காது. தோட்டத்துச் சத்தம்தான் இருக்கும். கோழி, தூரத்தில் ஒரு லோரி, கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்களின் பேச்சு.

"அம்மா, மோட்டர் வருது. பாருங்க."

"எங்கய்யா வருது?"

"லெஃப்ட்லம்மா. சத்தம் கேக்குதுல்ல?"

"சத்தம் கேக்குது. ஆளக் காணோமே."

பின்னால் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அம்மாவும் சிரிக்கிறார். மோட்டர் அவர் முன்னால் வந்ததும், "அட, இந்தா இருக்கான்" என்கிறார்.

அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். ஒரே ஒரு முறை தினேஷ் மோட்டரை வலப்பக்கத்திலிருந்து வரச் சொல்கிறான். அதில் வண்டி தெரிந்த உடனேயே அம்மாவின் கண் போய் ஒட்டிக்கொள்கிறது. தினேஷின் குரல் கேட்கிறது: "இல்லம்மா, இதுல உயிர் இல்ல. பழையபடியே லெஃப்ட்லருந்து எடுத்துருவோம்."

ஹெட்போனைக் கழற்றினேன். மணியைப் பார்த்தேன். பள்ளி விடும் நேரம். அம்மா இப்போது யாழினியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பெரிய ரோட்டில் வந்துகொண்டிருப்பார். போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. மோட்டர் ஓட்டும்போது எடுக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்துகொண்டே இருந்தேன்.

கண்ணாடி இல்லாத மோட்டர்

போர்ட்டிக்சன் ரோட்டில் நான் எப்போதும் நிதானமாகத்தான் போவேன். அன்று எப்படிப் போனேன் என்று ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பது லோரிகள்தான். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்குள்ளிருந்து வெளியே வரும் லோரிகள். சாலைகள் வந்து சேரும் ஒவ்வொரு சிம்பாங்கிலும், அம்மாவுக்கு இது எந்தப் பக்கம் வரும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே போனேன். சாலையோரம் எங்கேயாவது கூட்டமாக ஆட்கள் நின்றால் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் நின்றார்கள். டுரியான் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டு வாசலில் மோட்டர் நின்றது. யாழினி படியில் உட்கார்ந்து மைலோவில் பிஸ்கட் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். அம்மா பள்ளிச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகும் காரை விட்டு இறங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"என்னா இந்த நேரத்துல? காலேஜ் இல்லயா?"

நான் மோட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கக் கண்ணாடி இல்லை. தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. இடது கைப்பிடியின் நுனி தேய்ந்திருந்தது. கால் வைக்கும் கம்பி உள்ளே வளைந்திருந்தது. வலது பக்கம் ஒரு கீறல்கூட இல்லை.

"கேட்டுல பட்டுருச்சு" என்றார் அம்மா, நான் கேட்பதற்கு முன்பே.

"எப்போ?"

"அது ஆச்சு கொஞ்ச நாளு."

அவரை நாற்காலியில் உட்காரவைத்து எதிரே உட்கார்ந்தேன். என் மூக்கையே பார், வேறு எங்கேயும் பார்க்காதே என்றேன். அவருடைய வலப்பக்கமாக விரல்களைக் காட்டினேன். சரியாகச் சொன்னார். கையை மாற்றி இடப்பக்கமாகத் தூக்கினேன்.

"எத்தன வெரலு?"

"எதுல?"

"ஆயா, ஆன்ட்டி கையத் தூக்கியிருக்காங்க" என்று யாழினி சிரித்தாள்.

அம்மா முகத்தை முழுக்கத் திருப்பினார். கையைப் பார்த்தார். எழுந்துவிட்டார்.

"எடது கண்ணு கொஞ்சம் மங்கலு. வயசானா வராதா? கண்ணாடி போட்டா சரியாப் போயிரும் லா. அதுக்கா இவ்ளோ தூரம் வந்த?"

"எப்போலருந்தும்மா?"

"ஒரு நா பயங்கரமா தலவலி வந்துச்சு. மாத்திர போட்டுப் படுத்தேன். எந்திரிச்சதுலருந்து இப்பிடித்தான்."

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

அம்மா ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். "சொன்னா மோட்டர எடுத்துருவ."

அந்த நேரத்தில்தான் செல்வி வேலை முடிந்து, தொழிற்சாலைச் சட்டையோடு வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. அம்மா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. ஆனால் யாழினி அந்தப் படியில் உட்கார்ந்திருந்தாள். நான் செல்வியிடம் சொன்னேன். அம்மாவுக்கு இடது பக்கம் தெரியவில்லை, கொஞ்ச நாளாகவே தெரியவில்லை, நாளையிலிருந்து பிள்ளையை வேறு யாராவது கொண்டுபோய் விடவேண்டும்.

செல்வி மகளைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"நேத்துகூட பெரிய ரோட்டு வழியாத்தானே பெரியம்மா போனீங்க?"

"ஒண்ணும் ஆவலல்ல."

"ஆவல" என்றாள் செல்வி. அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் அம்மா பதிலுக்குச் சண்டை போட்டிருப்பார். அது இல்லை. அம்மா உள்ளே போய்ப் பையில் துணிகளை எடுத்து வைக்கத் தொடங்கினார். என்னோடு வருகிறேன் என்று சொல்லவுமில்லை, மாட்டேன் என்று சொல்லவுமில்லை.

அம்பாங்கான் சிம்பாங்கில்

மறுநாள் காலை என் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அம்மா வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். செல்வியிடம் நான் சொல்லிவிட்டதற்காக என்மேல் இன்னும் கோபம்.

அம்பாங்கான் கடை வரிசை முடியும் சிம்பாங்கில் அந்த ஆல்பத்தின் பதாகை கட்டியிருந்தார்கள். தினேஷ் வடிவமைத்ததுதான். அம்மாவின் கோபத்தைக் கரைக்க அது போதும் என்று நினைத்தேன். ஓரமாகக் காரை நிறுத்தினேன்.

"பாத்தியா ஒன்னைய. எவ்ளோ பெருசா போட்டுருக்கான்."

பதாகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இடது பாதியில் பாடிய பையன் முழு உருவமாக நிற்கிறான், சிவப்புச் சட்டையில். வலது பாதி முழுக்க அம்மாவின் முகம். வண்ணத்தைக் குறைத்து, ஓரங்களை இருட்டாக்கி, கண்கள் மட்டும் ஒளிரும்படி செய்திருந்தான். கீழே ஆல்பத்தின் பெயர், இரண்டே சொற்கள். தமிழ் படிக்கிற கண் இடமிருந்து உள்ளே வரும், அதனால் விற்க வேண்டியவனை இடது பக்கம் நிறுத்த வேண்டும் என்று நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததைத் தினேஷ் அப்படியே செய்திருந்தான். சிவப்பு வேறு. தெருவில் போகிற யார் கண்ணும் முதலில் அந்தப் பையனிடம்தான் போகும்.

அம்மா வெகுநேரம் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா என் மூஞ்சிய மட்டும் போட்டுருக்கானே. பாடுன பிள்ளையப் போடலயே, பாவம்."

நான் பதாகையைத் திரும்பிப் பார்த்தேன். சிவப்புச் சட்டை அங்கேதான் இருந்தது.

"பேரு என்னா போட்டுருக்கான்?" என்று தானே கேட்டுக்கொண்டு, தானே படித்தார். இரண்டாவது சொல்லை மட்டும் படித்தார்.

காரை எடுத்தேன். இடது கண் மங்கல் என்றால் வலது கண்ணால் பையனைப் பார்த்திருக்கலாமே என்று மனம் ஓடியது. இரண்டு கண்ணும் திறந்துதானே இருக்கின்றன. அந்தக் கேள்வியை ஆஸ்பத்திரி வரை யாரிடமும் கேட்க முடியாமல் சுமந்துகொண்டு போனேன்.

நல்ல கண்

கண் மருத்துவர் இளவயதுச் சீனப் பெண். அம்மாவிடம் மலாயில் பொறுமையாகப் பேசினார். தோட்டத்து மலாயில் அம்மா சளைக்காமல் பதில் சொன்னார். மங்கலான இடது கண்ணை மூடச் சொல்லி, வலது கண்ணால் மட்டும் தன் முகத்தைப் பார்க்கச் சொன்னார் மருத்துவர். பிறகு அம்மாவின் இடப்பக்கமாக விரலை மெல்லக் கொண்டுவந்தார்.

விரல் நடுவுக்கு வரும்வரை அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

மருத்துவர் மறுபடி செய்தார். மறுபடியும் அப்படியே. அம்மா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார், மிகவும் மெதுவாக.

"இது நல்ல கண்ணாச்சே."

கண்ணில் கோளாறு இல்லை என்றார் மருத்துவர். இரண்டு கண்களின் பார்வையிலும் இடது பாதி இல்லை. கண் பார்க்கிறது, பார்த்ததை வாங்கிக்கொள்ளும் இடத்தில்தான் ஏதோ நடந்திருக்கிறது. தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும்.

ஸ்கேனுக்கு வெளியே காத்திருந்த நேரம் இப்போதும் உடம்பில் இருக்கிறது. டெட்டால் வாசம். யாரோ ஒருவருடைய செருப்பு தரையில் கீச்சிடும் சத்தம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். முந்தைய நாள் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இருட்டா தெரியுதாம்மா அந்தப் பக்கம்?"

யோசித்தார். "இருட்டு இல்ல. இருட்டா இருந்தா தெரியுமே. ஒண்ணுமே இல்ல. இல்லாதது எப்பிடித் தெரியும்?"

மூளையின் பின்பகுதியில், வலது பக்கம், ஒரு சின்ன ஸ்ட்ரோக். சில மாதங்களுக்கு முன்பே வந்து போயிருக்கிறது. அந்தத் தலைவலி நாளாகத்தான் இருக்க வேண்டும். இரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தது. கிளினிக்கில் கொடுத்த மாத்திரைகளை அம்மா மயக்கம் வந்தால் மட்டும் போட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் இருப்பவர்கள் பல நேரம் இதைக் கவனிப்பதில்லை, நோயாளிக்கே தெரியாமல் தலை திரும்பிச் சமாளித்துவிடும் என்று மருத்துவர் சொன்னார். இழந்த பார்வை பெரும்பாலும் திரும்பாது, இன்னொன்று வராமல் பார்த்துக்கொள்வதுதான் இனி முக்கியம் என்றும் சொன்னார். இன்னொன்று என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் எனக்குத் தூரத்தில் கேட்டது.

வார்டில் படுத்திருந்தபோது அம்மா கேட்டார், "கை காலு விழுந்துருமா? பேச்சு போயிருமா?"

"மாத்திரைய ஒழுங்கா போட்டா ஒண்ணும் ஆவாதும்மா."

"ஒனக்குத் தெரியுமா, சும்மா சொல்றியா?"

"சும்மாதான் சொல்றேன்."

"சரி" என்றார். அந்தப் பதில் அவருக்கு ஏனோ போதுமாக இருந்தது. சில நாட்கள் அங்கே வைத்திருந்தார்கள். ஒவ்வொரு காலையும் அவர் முதல் வார்த்தை பேசும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் அது தேநீரைப் பற்றிய குறையாக இருக்கும்.

தினேஷ் வந்தான். கட்டில் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்த ஷாட்டை எடுத்துவிடுகிறேன், பாட்டையே இறக்கிவிட்டு வேறு காட்சி வைத்து ஏற்றுகிறேன் என்றான்.

"ஏன் எடுக்குற?" என்றார் அம்மா. "நல்லா இருக்குன்னுதானே எல்லாரும் சொல்றாங்க."

"அது நடிப்பு இல்லயேம்மா. ஒங்களுக்கு முடியாம இருந்ததப் போயி நான்..."

"நீ என்னைய நடிக்கவா சொன்ன? பாக்கத்தானே சொன்ன. பாத்தேன்."

தினேஷ் எதையும் எடுக்கவில்லை. நான்தான் அதன் பிறகு அந்தக் காட்சியை வகுப்பில் போடுவதில்லை. நூருலைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு முதலில் முகம் வெளுத்துவிட்டது, அது என் அம்மா என்று தெரியாமல் பேசிவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்டாள். நான் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.

பெரிய ரோடு

மோட்டரைச் செல்வி எடுத்துக்கொண்டாள். அவள் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு யாழினியைத் தானே பள்ளிக்குக் கொண்டுபோகிறாள். அவள் அதை ஓட்டிப் பழகிய நாட்களில் அம்மா வாசலில் நின்று, கியர் மாற்றும் சத்தம் சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அம்மா என் வீட்டில் சில வாரங்கள் இருந்தார். பிறகு சுவாவுக்கே போய்விட்டார். ஆஸ்பத்திரியில் பார்வைப் பயிற்சி கொடுத்த பெண், எதைப் பார்த்தாலும் முதலில் தலையை இடப்பக்கம் திருப்பிப் பழகச் சொல்லியிருந்தார். படிக்கும்போது பக்கத்தின் இடது ஓரத்தில் சிவப்புக் காகிதக் கீற்று ஒன்றை வைத்துக்கொண்டு, அந்தச் சிவப்பு தெரியும்வரை கண்ணைக் கொண்டுபோக வேண்டும். இந்த இதழையும் வாராவாரம் அப்படித்தான் படிக்கிறார். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுது. மோட்டர் ஓட்டத் தெரியாதவன்னு மட்டும் எழுதிறாத" என்றார். என் அம்மாவுக்கு மிக நன்றாக மோட்டர் ஓட்டத் தெரியும்.

போன வாரம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். தேங்காய் வாங்கப் பெரிய ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் உள்ள கடைக்குப் போக வேண்டும் என்றார். ரோட்டு ஓரம் வரை காரில் கொண்டுபோனேன். நானும் வருகிறேன் என்று கதவைத் திறந்தேன்.

"நீ எறங்காத" என்றார். "நீ இல்லாத நாளுல யாரு வருவா?"

உள்ளேயே உட்கார்ந்தேன். அம்மா புல் முடிகிற இடத்தில் போய் நின்றார். வெயில் ஏறியிருந்தது. தார் மணத்தது. முதலில் வலப்பக்கம் பார்த்தார். பிறகு இடப்பக்கம் தலையைத் திருப்பினார். போதாது என்று இன்னும் திருப்பினார், மோவாய் தோளைத் தொடும்வரை.

சாலை காலியாக இருந்தது. எனக்குத் தெரிந்தது. இரண்டு பக்கமும், வளைவு வரைக்கும் ஒன்றுமே இல்லை. "போம்மா" என்று வாய்க்குள் சொன்னேன்.

அம்மா போகவில்லை. மறுபடி வலது, மறுபடி இடது. மெதுவாக, தலையையும் தோளையும் சேர்த்துத் திருப்பி, அந்தப் பக்கம் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது போலப் பார்த்தார். தூரத்தில் ஏதோ ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. அது எங்கோ தோட்டத்துக்குள் போய் அடங்கும்வரை நின்றார்.

பிறகு கடந்தார். அவசரப்படாமல், பையை வலது கையில் பிடித்துக்கொண்டு, நடுக்கோட்டில் இன்னொரு முறை இடப்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் ஏறினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகக் கடைக்குள் போய்விட்டார்.

கதவுப் பிடியிலிருந்து என் கையை எடுக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.